இரு நூல், நான்கு நூல் பட்டங்களுக்கு நூல் அமைத்தலும் பேணுதலும்

ஒற்றை நூலில் ஏற்றும் பட்டத்தைப் பற்றி எங்கள் பகுதி இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. வாடைக்காற்று உறுதியாக வீசத் தொடங்கியதும் மூங்கிலைச் சீவி, முச்சை (பட்டத்தையும் நூலையும் இணைக்கும் கயிற்றுக் கட்டு) கட்டி, காற்றில் ஒலி எழுப்பும் விண் பூட்டி ஏற்றிவிடுகிறார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்து அதே பாங்கில் கட்டிப் பார்ப்பவர்கள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் இரு நூல் பட்டமோ நான்கு நூல் பட்டமோ கைக்கு வரும்போதுதான் தடுமாற்றம் ஏற்படுகிறது. பட்டம் எழும்பிய உடனே ஒரு பக்கமாகச் சுழன்று மண்ணில் குத்துகிறது. பட்டத்தில்தான் குறை என்று முடிவுசெய்து முச்சையை அவிழ்த்து மாற்றிக் கட்டுகிறார்கள். பெரும்பாலும் குறை நூலில் இருக்கும்.

ஒற்றை நூல் பட்டத்தில் நூலின் வேலை பிடித்து வைத்திருப்பது மட்டுமே. அது ஒரு முழம் இழுபட்டு நீண்டாலும் பட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. 1972இல் இங்கிலாந்தின் பீற்றர் பவல் பரவலாக்கிய இரு நூல் பட்டத்திலோ, 1980களின் இறுதியில் அமெரிக்காவின் ஹட்சிக்கி சகோதரர்கள் உருவாக்கிய நான்கு நூல் பட்டத்திலோ, நூல்கள் வண்டில்காரன் கையிலுள்ள கயிறுகளைப் போன்றவை. இடது நூலை இழுத்தால் பட்டம் இடப்பக்கம் திரும்பும், வலது நூலை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். ஆகவே இடது நூல் இரண்டு சென்ரிமீற்றர் குறுகியிருந்தால், கைகளை நேராக வைத்திருக்கும்போதும் நாம் இடதை இழுத்துக்கொண்டிருப்பதாகவே பட்டம் எடுத்துக்கொள்ளும். இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி இதிலிருந்தே வருகிறது: ஒரு நூலுக்குச் செய்யும் எதையும் அதன் இணைக்கும் செய்ய வேண்டும். வெட்டுவது, இழுப்பது, கழுவுவது, கழிப்பது என எல்லாம் சோடியாகவே நடக்க வேண்டும்.

நூலைத் தெரிதல்

மீன்பிடிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நைலோன் தங்கூசி இதற்குப் பொருந்தாது. நைலோன் சுமையில் நன்றாக நீளும். கையை அசைத்த பின் பட்டம் அசைவதற்குள் ஒரு கணம் கடந்துவிடும், காற்று பலமாக அடிக்கும் வேளையில் அந்தக் கணமே பட்டத்தைத் தரையில் மோதவைக்கும். பருத்தி நூலும் சாதாரண பொலியெஸ்ரர் நூலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழை நூல் நீளாது, ஆனால் அது உரசும் நூலை அறுத்துவிடும் என்பதால் மற்ற நூல்களுடன் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது.

வேண்டியது மிகை மூலக்கூற்று எடையுள்ள பொலியெதிலீன் இழையால் பின்னப்பட்ட நூல். ஸ்பெக்ரா, டைனீமா என்ற வணிகப் பெயர்களில் உலகெங்கும் விற்கப்படுவது இதுதான். அறும் கட்டத்திலும் அந்த இழை நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு அளவே நீளும், தண்ணீரில் மிதக்கும், இரண்டு நூல்கள் பத்துத் தடவை முறுக்கிக்கொண்டாலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். அதன் பெரிய பலவீனம் வெப்பம். ஏறத்தாழ 145 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், இறுக்கமாக நிற்கும் ஒரே இடத்தில் வேறு நூல் வேகமாக உரசினால் அந்த இடம் உருகி அறும். ஒற்றை நூல் பட்டங்கள் பறக்கும் இடத்தில் இதை ஏற்றக் கூடாது என்பதற்கு இதுவே முதற் காரணம். மற்றவர் பட்டமும் போகும், எமது நூலும் போகும்.

பட்டத்துக்கென்றே விற்கப்படும் நூல் கிடைக்காவிட்டால், தூண்டிலுக்கு விற்கப்படும் பின்னல் நூல் போதுமானது; அதுவும் பெரும்பாலும் இதே இழைதான். நான்கு புரியில் பின்னியதை விட எட்டுப் புரியில் பின்னியது வழவழப்பாக இருக்கும், ஆகவே விலை கூடினாலும் அதையே வாங்கச் சொல்வேன். உறையில் அச்சிடப்பட்ட வலுவை இறாத்தலில் பார்த்து வாங்க வேண்டும். சிறகுக்குச் சிறகு இரண்டே கால் மீற்றர் அளவுள்ள இரு நூல் பட்டத்துக்கு மென்காற்றில் 50 இறாத்தல், வழமையான காற்றில் 80 முதல் 100 இறாத்தல், பலத்த காற்றில் 150 இறாத்தல் என்ற கணக்கு சரியாக வரும். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் நூல் ஒன்றும் கீழ் நூல் ஒன்றும் உள்ள நான்கு நூல் பட்டத்துக்கும் வழமையான காற்றில் 90 இறாத்தல் நூல் போதும். ஆளை இழுத்துச் செல்லும் பெரிய துணிப் பட்டங்களின் கணக்கு வேறு. அவற்றில் மேல் நூல்கள் பெரும் சுமையைத் தாங்குவதால் 200 இறாத்தலுக்கு மேல் வேண்டும், கீழ் நூல்கள் அதைவிட மெல்லியனவாக இருக்கலாம். தேவைக்கு மேல் தடித்த நூல் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறானது. தடித்த நூல் காற்றை வாங்கித் தொய்யும், மென்காற்றில் பட்டத்தின் பாதி உயிர் அந்தத் தொய்விலேயே போய்விடும்.

நீளம் 25 முதல் 30 மீற்றர் வரை. பழகுபவருக்கு 25 மீற்றர் நல்லது.

வெட்டுதலும் உறை இடுதலும்

இரண்டு நூல்களும் ஒரே சுருளிலிருந்தே வர வேண்டும். தரையில் இரண்டு முளைகளை, விரும்பும் நீளத்தை விட ஒரு மீற்றர் கூடுதலான இடைவெளியில் அறைந்து, முதல் முளையில் நூலின் நுனியைக் கட்டி, இரண்டாவது முளையைச் சுற்றி மீண்டும் முதல் முளைக்கு வந்து, இரண்டாவது முளையில் வெட்டினால் ஒரே அளவான சோடி கிடைக்கும். நான்கு நூலுக்கு இதையே இன்னொரு சுற்றுச் செய்தால் போதும். வெட்டும் இடத்தில் முதலில் ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டுக் கூரிய கத்தரியால் வெட்டினால் பின்னல் பிரியாது.

இந்த நூலில் நேரடியாக முடிச்சுப் போட்டால் அதன் வலு ஏறத்தாழப் பாதியாகக் குறையலாம். வழுவழுப்பான மெல்லிய நூல் முடிச்சுக்குள் தன்னைத் தானே அறுத்துக்கொள்ளும். ஆகவே முனைகளில் உள்ளே பொள்ளலான பொலியெஸ்ரர் பின்னல் கயிற்றை உறையாக இட வேண்டும். அது கிடைக்காத இடத்தில், மெல்லிய உருண்டையான சப்பாத்து நாடாவின் உள்திரியை உருவி எடுத்துவிட்டால் நல்ல உறை ஆகும். ஒவ்வொரு முனைக்கும் 40 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, அதன் இரு வாய்களையும் நெருப்பில் இலேசாகக் காட்டிப் பிசிறு எழாமல் செய்ய வேண்டும். நெருப்பு உறைக்கு மட்டும்தான்; நூலின் அருகே அதைக் கொண்டுபோகக் கூடாது.

உறைக்குள் நூலை ஏற்ற, மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றை நடுவில் மடித்து, மடிப்பு முன்னே போகும்படி உறைக்குள் தள்ள வேண்டும். கம்பி மறுபக்கம் வெளியே வந்ததும் மடிப்புக்குள் நூல் நுனியைக் கொழுவி, கம்பியைத் திரும்ப இழுத்தால் நூல் உறையின் வழியாக வெளியே வரும். நுனியில் நூலையும் உறையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முடிச்சு இட்டு, உறையிட்ட பகுதியை 12 சென்ரிமீற்றர் அளவுக்கு மடித்து, எட்டு வடிவ முடிச்சால் 5 சென்ரிமீற்றர் வளையம் ஒன்றை ஆக்க வேண்டும். மீதி உறை நூலோடு நீண்டு கிடக்கட்டும். பட்டத்தின் அருகிலும் கைப்பிடியின் அருகிலும்தான் நூல் அதிகம் தேய்கிறது, அங்கே அந்த உறை காவலாக இருக்கும். இந்தக் கட்டத்தில் ஒரு பக்க முனைகளை மட்டுமே முழுமையாக இறுக்க வேண்டும். மறுபக்க முடிச்சுகளை இறுக்காமல் விட வேண்டும், ஏனெனில் சமப்படுத்தும் வேலை அங்கேதான் நடக்கப்போகிறது.

இழுத்துச் சமப்படுத்தல்

புதிய பின்னல் நூலில் இழைகளுக்கு இடையே வெற்றிடம் இருக்கும். சுமை ஏறும்போது அவை நெருங்கி நூல் சற்று நீளும், முடிச்சுகளும் இறுகும். இந்த நீட்சியைப் பறக்கவிடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இறுக்கிய முனைகளின் வளையங்களை ஒரே முளையில், அல்லது அசையாத வேலிக் கதியாலில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு நூலையும் தனித்தனியே, ஒரே விசையில், சில நிமிடங்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். மீன் நிறுக்கும் தொங்கு தராசு கையில் இருந்தால் மிகவும் நல்லது. 90 இறாத்தல் நூல் ஏறத்தாழ 41 கிலோ தாங்கும். அதில் மூன்றில் ஒரு பங்காகிய 14 கிலோவைத் தராசு காட்டும்வரை இழுத்தால் இரண்டு நூல்களும் ஒரே அனுபவத்தைப் பெறும். கண் மதிப்பில் இழுப்பவர் அறியாமலே முதல் நூலைக் களைப்பில்லாத கையாலும் இரண்டாவதைக் களைத்த கையாலும் இழுத்துவிடுவார்.

பிறகு இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, ஒரே இறுக்கத்தில், உறையின் மேல் பேனாவால் அடையாளம் இட்டு, அந்த அடையாளத்தில் வளைய முடிச்சு விழும்படி கட்டி, வளையங்களுக்குள் ஒரு ஆணியையோ தடியையோ செலுத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். தடி நூல்களுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், ஒரு நூலும் மற்றதை விடத் தொய்யக் கூடாது. இரு நூல் பட்டத்தில் அரைச் சென்ரிமீற்றர் வேறுபாட்டைப் பொறுக்கலாம். நான்கு நூலில் அதையும் பொறுக்கக் கூடாது என்பது என் எண்ணம், ஏனெனில் அந்தப் பட்டத்தைக் காற்றில் அசையாமல் நிறுத்தி வைக்கும்போது சிறு பிழையும் ஒரு பக்கச் சரிவாகத் தெரியும். முடிச்சு இறுகிய பின் சிறு வேறுபாடு இருந்தால், நீண்ட நூலின் உறைப் பகுதியில் மட்டும் ஒரு சாதாரண முடிச்சை இட்டு அதைக் குறைக்கலாம். உறையில்லாத நூலில் ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது. முதல் சில தடவை பறக்கவிட்ட பின்னும், அதன் பிறகு பலத்த காற்றில் ஏற்றிய ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் இந்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

பட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் குறை எங்கே என்பதை அறிய உறுதியான வழி ஒன்று உண்டு. இடது நூலை வலப்பக்கத்திலும் வலது நூலை இடப்பக்கத்திலும் மாற்றி மாட்டி மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். இப்போது பட்டம் எதிர்ப்பக்கம் இழுத்தால் குறை நூலில். முன்பு இழுத்த அதே பக்கம் இழுத்தால் குறை பட்டத்திலோ முச்சையிலோ உள்ளது. முச்சையில் கை வைப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டால் நல்ல பட்டங்கள் பல தப்பிக்கும்.

நான்கு நூல் பட்டத்தில் நான்கு நூல்களையும் சமமாகவே கட்டிவிட்டு, வேறுபாடு தேவைப்பட்டால் கைப்பிடியின் முனைகளிலுள்ள சிறு இணைப்புக் கயிறுகளில் மட்டும் அதைச் செய்ய வேண்டும். மேல் இணைப்புக் கயிற்றில் சில முடிச்சுகள் வரிசையாக இருக்கும். கைப்பிடிக்கு அருகிலுள்ள முடிச்சில் மேல் நூலை மாட்டினால் மேல் நூல் குறுகி, பட்டம் முன்னோக்கி வேகமாக ஏறும். தொலைவிலுள்ள முடிச்சில் மாட்டினால் கீழ் நூல்கள் இறுகி, பட்டம் நிதானமாக நிற்கும், பின்னோக்கியும் எளிதில் வரும். மென்காற்றில் பழகுபவர் அருகிலுள்ள முடிச்சிலிருந்து தொடங்கட்டும்.

களத்தில் விரித்தல்

முல்லைத்தீவுக் கடற்கரையில் வாடைக்காற்றுக் காலமே இதற்கு உகந்தது. கடலின் மேலாக வரும் காற்று ஒரே சீராக இருக்கும். பட்டம் தரைப் பக்கமாக நிற்பதால் நூல் அறுந்தாலும் அது கரையிலேயே விழும். சோளகக் காலத்தில் அதே கரையில் காற்று மரங்களுக்கு மேலாக வந்து குலுக்கும், அறுந்த பட்டம் கடலுக்குப் போய்விடும். சோளகத்தில் பறக்கவிட விரும்புவோர் மேற்குக் கரைக்கு, பூநகரிப் பக்கமோ மன்னார்ப் பக்கமோ போகலாம். தண்ணீர் வற்றிய காலத்து இரணைமடுக் குளத்தின் திறந்த ஓரங்களும் ஏற்றவை. அருவி வெட்டு முடிந்த வயல் பார்ப்பதற்கு வெளியாக இருந்தாலும், நிற்கும் அடித்தாள்கள் நூலைக் கொழுவி இழைகளைப் பிய்க்கும்.

கைப்பிடிகளைக் காற்று வரும் பக்கத்தில் ஒரு முளையில் மாட்டிவிட்டு, சுற்றுப் பலகையிலிருந்து நூலை விட்டபடி காற்று போகும் பக்கமாக நடக்க வேண்டும். நடக்கும் வழியில் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் நெருஞ்சியும் இல்லாதிருக்கட்டும். வடலிகள் உள்ள இடத்தை முற்றாகத் தவிர்க்க வேண்டும். மட்டையின் கருக்கில் இறுகிய நூல் ஒரு தடவை பட்டால் போதும். பட்டத்தின் முச்சையில் தொங்கும் முடிச்சிட்ட சிறு கயிற்றில் நூலை மாட்ட, வளையத்துக்குள் இரு விரல்களை விட்டு நூலை அதற்குள்ளாகப் பின்னுக்கு இழுத்து வரும் இரட்டைச் சுருக்கை, முடிச்சுக்கு உட்புறமாகப் போட்டு இறுக்க வேண்டும். கழற்றும்போது முடிச்சைப் பிடித்து இழுத்தால் எளிதில் விடும். வலது நூலின் இரு முனைகளிலும் சிவப்பு இழை ஒன்றைச் சுற்றி வைத்தால் எந்த நாளும் குழப்பம் வராது.

இறுகிய நூல் வேகமாக அசையும்போது கத்தியைப் போல் வெட்டும். நூலின் நீளத்தை விடச் சற்றுக் கூடிய சுற்றளவுக்குள் பிள்ளைகளோ, மோட்டார் சைக்கிள் ஓடும் பாதையோ இருக்கக் கூடாது. மின்கம்பிகளுக்கு அருகே ஏற்றக் கூடாது. உப்பு நீரில் நனைந்த நூல் மின்னைக் கடத்தும். கம்பியில் சிக்கிய பட்டத்தை நூலைப் பிடித்து இழுக்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்துக்குள் பட்டம் விழுந்தால், அதற்காக ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது. நூலை இழுத்து மீட்கவும் முயலாமல் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

பேணுதல்

சுற்றும்போது இரண்டு நூல்களையும், அல்லது நான்கையும், ஒன்றாகப் பிடித்து எட்டு வடிவில் சுற்ற வேண்டும். வட்டமாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் நூலில் ஒரு முறுக்கை ஏற்றும்; எட்டு வடிவில் ஒரு பக்க முறுக்கை மறுபக்கம் தீர்த்துவிடும். பட்டத்தின் பக்க முனைகளை உள்ளே வைத்துத் தொடங்கி, கைப்பிடிகள் வெளியே வருமாறு முடித்தால், அடுத்த தடவை மேலே சொன்ன முறையில் விரிப்பது எளிதாகும்.

நம் கரைகளில் நூலுக்குப் பெரிய எதிரிகள் மணலும் உப்பும்தான். உப்புப் பளிங்குகளும் நுண்மணலும் பின்னலுக்குள் நுழைந்து உள்ளிருந்தே இழைகளை அராவும். முன்பு பத்து முறுக்குவரை வழுக்கிய நூல்கள் மூன்று நான்கு முறுக்கிலேயே பிடித்துக்கொள்கின்றன என்றால் கழுவும் காலம் வந்துவிட்டது. பலகையிலிருந்து தளர்வாக எடுத்து, நல்ல தண்ணீரில் மென்மையான சவர்க்காரத்தைக் கரைத்து ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, சவர்க்காரம் போகும்வரை மாற்று நீரில் நனைத்து, இரு மரங்களுக்கிடையே நிழலில் நீட்டிக் கட்டி உலர்த்த வேண்டும். காரமான சலவைத் தூள் உறையைக் கெடுக்கும். உவர்க் கிணற்று நீரில் கழுவினால் உப்பை எடுத்த இடத்தில் உப்பையே வைத்ததாகிவிடும். மெழுகும் எண்ணெயும் பூசுவதை நான் ஏற்பதில்லை. அன்றைக்கு வழுக்கினாலும் மறுநாள் மணலை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த பின் சமநிலையைத் திரும்பச் சோதித்து, வெயில் படாத, எலி புகாத பெட்டியில் வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழோ, வெயிலில் நிற்கும் வாகனத்தின் முன் கண்ணாடியருகிலோ வைக்க வேண்டாம்.

உலர்த்தக் கட்டியிருக்கும் வேளையே நூலைப் பார்வையிட ஏற்றது. சிறிது பஞ்சை விரல்களில் பிடித்து நூல் முழுவதும் மெதுவாக இழுத்துச் சென்றால், அறுந்த இழை உள்ள இடத்தில் பஞ்சு மாட்டும். தட்டையாகி, மினுங்கி, கடினமாக இருக்கும் இடம் உருகிய இடம். தானாக விழுந்த முடிச்சு ஏதேனும் இருந்தால் ஊசியால் பொறுமையாக அவிழ்க்க வேண்டும். அவிழ்ந்த பின்னும் அந்த இடத்தில் நூல் நெளிந்தோ தட்டையாகவோ இருந்தால் அதையும் காயம் என்றே கொள்ள வேண்டும்.

அறுந்த நூலை முடிச்சிட்டுச் சேர்க்கக் கூடாது. முடிச்சு வழுக்கும், வலுவைக் குறைக்கும், முறுக்கும்போது மற்ற நூலில் சிக்கும். 30 மீற்றர் சோடியில் ஒன்று முனையிலிருந்து 5 மீற்றரில் அறுந்தால், இரண்டையும் 25 மீற்றருக்கு வெட்டி, புதிய உறை இட்டு, மீண்டும் இழுத்துச் சமப்படுத்தி, குறுகிய சோடியாகப் பயன்படுத்தலாம். ஒரு நூலை மட்டும் புதிதாக வாங்கிப் பழையதோடு சேர்ப்பது பயன் தராது. புதியது நீளும், பழையது நீண்டு முடிந்திருக்கும்.

நடுவில் பல இடங்களில் பிசிறு எழுந்துவிட்ட சோடியைக் கழித்துவிட வேண்டும். இந்த இழை மண்ணில் உக்காது. கரையில் எறிந்தால் ஆமையின் கழுத்திலும் நீர்ப்பறவையின் காலிலும் மேயும் ஆட்டின் குளம்பிலும் சுற்றிக்கொள்ளும். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, போத்தல் ஒன்றுக்குள் இட்டு மூடி, வீட்டுக் குப்பையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.